வேலப்பன் வீட்டுச் செருமல்

சுனையை ஒட்டிய சரிவில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் வளை தோண்டிக் குடியிருந்தது. அந்த வீட்டில் தினமும் காட்டுக்கருணைக் கிழங்குதான். காலையில் அவித்தது, மாலையில் மசித்தது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா வேலப்பன் எழுந்து நிற்பார். முட்களை ஒருமுறை உதறிக்கொள்வார். பிறகு செருமுவார்.

"க்ர்ர்ர்ஹூம்!"

வளை அதிரும். மேலே கிளையில் இருக்கும் காக்கை கொஞ்சம் தள்ளி உட்காரும்.

"ஆகா, என்ன கம்பீரம்!" என்பாள் அவருடைய அக்கா ஈட்டியம்மா. "நம்ம அப்பா செருமின மாதிரியே இருக்கு!"

உடனே அவளும் செருமுவாள்.

அது பரம்பரைச் செருமல். அந்தக் குடும்பத்தில் யார் சாப்பிட்டாலும் வரும். வேறு எந்த வீட்டிலும் வராது. அதனால் அது பெருமை.

மகள் சிலுப்பிக்கும் செருமல் வரும். ஆனால் அவள் மெதுவாகச் செரும வேண்டும். பெண் பிள்ளை அல்லவா!

"ஏன் அத்தை, தொண்டை எனக்கும் அப்பா அளவுக்குத்தானே அரிக்குது? சத்தம் மட்டும் ஏன் பாதி?" என்று கேட்டாள் சிலுப்பி.

"அரிக்குதா? யாருக்கு அரிக்குது? அது கம்பீரம்டி!"

"கம்பீரம் ஏன் அத்தை தொண்டையில முள்ளு குத்துற மாதிரி இருக்கு?"

"நாம முள்ளம்பன்றி. பின்ன பூ குத்துமா?"

சிலுப்பிக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள் பிடிக்கும். ஒன்று சாப்பாடு. இன்னொன்று வாக்குவாதம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள வசதி என்பதால் அடுக்களையும் பிடிக்கும்.

அவள் மூங்கிலரிசியில் பொங்கல் வைத்தாள். அது கஞ்சியாக வந்தது. நெல்லிக்காயில் பாயசம் வைத்தாள். அது என்னவாக வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இலுப்பைப்பூவில் அடை தட்டினாள். கல்லிலிருந்து அடையைப் பெயர்க்க அப்பாவிடம் ஒரு முள் கேட்டு வாங்கினாள். முள் முறிந்தது. அடை பெயரவில்லை. கடைசியில் கல்லையே அப்பாவின் முன் கொண்டுபோய் வைத்தாள்.

வேலப்பன் கல்லைப் பொறுமையாக நக்கினார்.

"எப்படி இருக்குப்பா?"

"நல்லா இருக்கு கண்ணு."

அவர் வேறு எதுவும் சொல்ல முடியாது. அந்த வீட்டில் சாப்பாட்டு விஷயத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது, எச்சில் ஆகிவிடும். சாப்பிடுகிறவர் குறை சொல்லக் கூடாது, சோற்றுக்கு அவமரியாதை.

"அப்போ தப்பா சமைச்சா யாருக்குத்தான் தெரியும்?" என்று சிலுப்பி கேட்டாள்.

"தப்பா சமைச்சாத்தானே!" என்றாள் ஈட்டியம்மா.

இந்தப் பதிலுக்குப் பிறகு சிலுப்பியின் முட்கள் வெகுநேரம் படியவில்லை.

அடுக்களையோ ஒரு சின்னப் பொந்து. ஒரு முள்ளம்பன்றிதான் உள்ளே போக முடியும். இரண்டாவது ஆள் நுழைந்தால் இருவருக்கும் ரத்தக் காயம். அம்மா தாழை உள்ளே போய்ச் சமைப்பாள். எல்லாரும் சாப்பிட்டு, செருமி, படுத்த பிறகு உள்ளேயே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாள். அவள் வெளியே போகும் நேரம் பார்த்துத்தான் சிலுப்பி உள்ளே புகுந்துவிடுவாள்.

மழை விட்டால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சுனைக்கரையில் எல்லாரும் கூடிக் கூட்டாஞ்சோறு சாப்பிடுவார்கள். வீட்டுக்கு ஒரு பானை. யார் வீட்டுப் பானையிலிருந்தும் யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

போன வருஷம் முள்ளம்பன்றி வீட்டுப் பானை எடுத்துப்போன மாதிரியே திரும்பி வந்தது. கீரியக்கா ஒரு வாய் எடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "வயிறு நிறைஞ்சு போச்சு" என்றாள். அவளுக்கு அதுதான் முதல் வாய். மரநாய் மாமா பானையை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் நிறைஞ்சு போச்சு" என்றார். முயல் பார்க்கக்கூட இல்லை. தூரத்திலிருந்தே வயிற்றைத் தட்டிக் காட்டியது.

"நம்ம ருசியை அவங்களால தாங்க முடியல" என்று ஈட்டியம்மா விளக்கம் சொன்னாள்.

அன்றைக்குச் சிலுப்பி எல்லார் வீட்டுப் பானையிலும் சாப்பிட்டிருந்தாள். மரநாய் வீட்டு அத்திப்பழக் கூழில் கழுத்துவரை இறங்கியிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில்தான் ஒன்று உறைத்தது. அவளுக்குச் செருமலே வரவில்லை.

"அத்தை! அங்கே மத்தவங்க யாரும் செருமலையே, ஏன்?"

"அவங்க பரம்பரை அப்படி."

"சரி. நானும் செருமல. என் தொண்டை நம்ம பரம்பரைதானே?"

ஈட்டியம்மா நடந்துகொண்டே யோசித்தாள்.

"வெளிச்சாப்பாட்டுக்கு நாம எதுக்குடி செருமணும்?" என்றாள்.

ஒரு வருஷம் போனது. மறுபடி மழை விட்டது. மறுபடி கூட்டாஞ்சோறு வந்தது.

"இந்தத் தடவை பானையை நான் சமைக்கிறேன்!" என்றாள் சிலுப்பி. "காலியாத் திரும்பி வரும். பாருங்க!"

"கல்லுல அடை ஒட்டினவ பேசுறா பேச்சு!" என்றாள் ஈட்டியம்மா. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கியா? அடுக்களையில நீ ருசி பார்க்குறன்னு எனக்குத் தெரியும். அகப்பையில உன் பல்லுத் தடம் இருக்கு!"

"ருசி பார்க்காம சமைக்கிறது கண்ணை மூடிக்கிட்டு வளை தோண்டுற மாதிரி அத்தை!"

"நாம கண்ணை மூடிக்கிட்டுத்தான் தோண்டுறோம். மண்ணு விழும்ல?"

சிலுப்பி வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். அது அவளுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

"இங்கே பாரு" என்றாள் ஈட்டியம்மா. "பானை காலியா வந்தா அகப்பை உன் கையில. இஷ்டத்துக்குச் சமை, இஷ்டத்துக்கு நக்கு. காலியா வரலேன்னா இனிமே அடுக்களைப் பக்கம் நீ தலைவச்சுப் படுக்கக் கூடாது. ஆயுசுக்கும்! சம்மதமா?"

சிலுப்பி அப்பாவைப் பார்த்தாள். வேலப்பன் கூரையைப் பார்த்தார். மண் கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தார்.

"சம்மதம்!" என்றாள் சிலுப்பி.

வாய் சொல்லிவிட்டது. ஆனால் அடுக்களை இல்லாமல் அவளால் இருக்க முடியாது. கெட்டுப்போன பாயசமாக இருந்தாலும் அது அவள் வைத்த பாயசம்.

அன்றிலிருந்து அவள் கிழங்கோடு மல்லுக்கு நின்றாள். தோலை ஆழமாகச் சீவி அவித்தாள். தொண்டை அரித்தது. அவித்ததை மறுபடி அவித்தாள். அரித்தது. தேன் ஊற்றிக் கிளறினாள். இனிப்பாக அரித்தது. நாக்கு வீங்கி வாயில் அடங்காமல் வெளியே தொங்கியது. அந்த நாக்கை வைத்துக்கொண்டும் அத்தையோடு வாதாடினாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் வாதாடினாள் என்பது புரிந்தது.

கூட்டாஞ்சோற்றுக்கு முந்தின நாள். எல்லாரும் சாப்பிட்டாயிற்று. அப்பா செருமினார். அத்தை செருமினாள். சிலுப்பி மெதுவாகச் செருமிவிட்டு, மூலையில் சுருண்டு படுத்தாள். பொந்துக்குள் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பிறகு இலையை மடிக்கும் சத்தம்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

சிலுப்பி தலையைத் தூக்கினாள். காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டாள். ஒன்றுமே இல்லை.

அம்மா செருமவில்லை!

யோசித்துப் பார்த்தால், அம்மா செருமி அவள் கேட்டதே இல்லை.

தாழை எச்சில் இலையோடு வெளியே வந்தாள். போட்டுவிட்டு உள்ளே போனாள். சிலுப்பி மெல்லப் போய் இலையை விரித்தாள். மசித்த கிழங்குதான். ஆனால் வெள்ளையாக இல்லை, பழுப்பாக இருந்தது. நக்கிப் பார்த்தாள். புளித்தது. தொண்டை அரிக்கும் என்று காத்திருந்தாள். அரிக்கவில்லை. இன்னும் நன்றாக நக்கினாள். அப்போதும் அரிக்கவில்லை.

அவள் உடம்பில் ஒரு முள் விடாமல் எழுந்து நின்றது.

"அம்மா!"

"மெதுவாப் பேசு. அப்பா தூங்குறார்." தாழை பொந்துக்குள் பானை கழுவிக்கொண்டிருந்தாள். சிலுப்பிக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

"கிழங்குல புளி போட்டுச் சாப்பிடுறியா?"

பானை கழுவும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடர்ந்தது.

"எங்க வீட்டுல அப்படித்தான். புளி ஊத்தி வேகவச்சா காறல் போயிடும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"இந்த வீட்டுல யாருக்கும் தெரியாதே!"

"கல்யாணமாகி வந்த மறுநாள் புளி ஊத்தித்தான் வச்சேன். உங்க அத்தை பானையோட கவுத்துட்டாங்க. 'எங்க கிழங்குல என்ன குறையைக் கண்டே?'ன்னு கேட்டாங்க. இந்த வீட்டுலதான் குறை சொல்லக் கூடாதே. 'ஒண்ணுமில்ல அண்ணி'ன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. என் இலைக்கு மட்டும் ஊத்திக்கிட்டேன்."

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"அவர்தான் தினம் 'நல்லா இருக்கு'ங்குறாரே. நல்லா இருக்குன்னு சொல்றவர்கிட்டப் போய் என்னத்தைச் சொல்றது?"

"இத்தனை வருஷமா அவர் அப்படிச் செருமுறதைக் கேட்டுக்கிட்டே உள்ளே உக்காந்திருந்தியா?"

"தினமும்" என்றாள் தாழை. "அவருக்கு அதுல ஒரு சந்தோஷம்."

சிலுப்பி வாயை மூடினாள். மறுபடி திறந்தாள். இந்தமுறை சத்தம் போடவில்லை.

"அம்மா, அந்தக் கிழங்கைத்தானே எனக்கும் போட்டே?"

பொந்துக்குள் தாழை பானையைக் கீழே வைத்தாள்.

   பிறகு பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தாள். சிலுப்பி ஒதுங்கி நின்றாள். அடுக்களை காலியாக இருந்தது.

"புளி இடது பக்கம் மாடத்துல இருக்கு" என்றாள் தாழை. "நாளைக்கு நீ எழுந்திரிக்கும்போது நான் வெளியேதான் இருப்பேன்."

மறுநாள் சுனைக்கரையில் எல்லாப் பானைகளும் வரிசையாக இருந்தன. முள்ளம்பன்றிப் பானையைச் சுற்றி மட்டும் நிறைய இடம் இருந்தது.

சிலுப்பி மறைக்கிற ரகம் இல்லை. பானையைத் திறந்ததும் கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இதுல புளி போட்டிருக்கேன்!"

"அடிப்பாவி!" ஈட்டியம்மாவின் முட்கள் சடசடத்தன. "குடும்ப மானத்தைக் கரைச்சு ஊத்திட்டியேடி! வேலப்பா, கவுத்துடு அந்தப் பானையை!"

வேலப்பன் எழுந்தார். பானைக்குப் போகும் வழியில் தாழை உட்கார்ந்திருந்தாள். அவள் நகரவில்லை. முட்களை மட்டும் லேசாக விரித்து வைத்துக்கொண்டாள். வேலப்பன் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

கீரியக்கா மரியாதைக்கு ஒரு சிட்டிகை எடுத்தாள். "வயிறு நிறை..." என்று முன்கூட்டியே ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. இன்னொரு சிட்டிகை எடுத்தாள். அப்புறம் ஒரு கைப்பிடி.

"நிறைஞ்சு போச்சா?" என்று மரநாய் மாமா கேட்டார்.

"இல்ல" என்றாள் கீரியக்கா, வாய் நிறைய.

மரநாய் மாமா கிட்டே வந்தார். முயல் கிட்டே வந்தது. பானையைச் சுற்றி இருந்த இடம் காணாமல் போனது.

பானை பாதியானபோது வேலப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா பார்க்காத நேரம் பார்த்து ஒரு கை வாங்கினார். சாப்பிட்டார். இன்னொரு கை வாங்கினார். பிறகு வழக்கப்படி எழுந்து நின்று முட்களை உதறினார்.

காடே காதைப் பொத்திக்கொண்டது. வருஷா வருஷம் பொத்திக்கொள்வதுதான்.

வேலப்பன் மூச்சை இழுத்தார்.

"க்..."

வரவில்லை.

"க்... ஹ..."

தொண்டை சுத்தமாக இருந்தது. அவர் திகைத்துப்போய்த் தாழையைப் பார்த்தார்.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார். அவருடைய குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது.

மரநாய் மாமா காதிலிருந்து கையை எடுத்தார். "வேலப்பண்ணே! சளி நல்லாப் போச்சா?"

"என்ன சளி?"

"அதான், உங்க குடும்பத்துக்கே இருக்குமே. ராப்பகலா இருமுவீங்களே! பாவம், என்ன சீக்கோன்னு நாங்க பேசிக்காத நாள் இல்ல. துளசி கொண்டுவந்து தரலாம்னு இருந்தோம். நீங்க மனசு கஷ்டப்படுவீங்களேன்னு விட்டுட்டோம்."

"குட்டிகளைக்கூட உங்க வளைப் பக்கம் விடுறதில்ல" என்றது முயல். "தப்பா நினைச்சுக்காதீங்க. ஒட்டிக்கும்னு பயம்."

வேலப்பன் மெதுவாக உட்கார்ந்தார். அவர் அப்பா செருமியதை நினைத்துப் பார்த்தார். தாத்தா செருமியதையும் நினைத்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "கண்ணு, இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

"காலி ஆகலே!"

ஈட்டியம்மா பானைக்குள் தலையை விட்டிருந்தாள். அவள் குரல் பானைக்குள்ளிருந்து முழங்கியது.

"அடியில ஒட்டியிருக்கு! காலின்னா காலியா இருக்கணும். பானை காலி ஆகலே. அகப்பை கிடையாது!"

சிலுப்பி சுற்றிலும் பார்த்தாள். கீரியக்கா மல்லாந்து படுத்திருந்தாள். மரநாய் மாமாவால் எழுந்திருக்க முடியவில்லை. இப்போது எல்லாருக்கும் நிஜமாகவே வயிறு நிறைந்திருந்தது. அப்பாவின் நீட்டிய கை மட்டும் இருந்தது. ஆனால் பானைக்கும் அந்தக் கைக்கும் நடுவே அத்தை இருந்தாள்.

"அத்தை, அது என்னன்னு தெரியாமலே ஒட்டியிருக்குன்னு சொல்லக் கூடாது" என்றாள் சிலுப்பி. "கிழங்கா, வெறும் அடிப்பிடிச்ச கருகலா? கருகல் கணக்குல வராது."

"கிழங்குதான்!"

"எப்படித் தெரியும்?"

"தெரியும்!"

"ருசி பார்த்தீங்களா?"

பானைக்குள் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.

"கிழங்குதான்" என்றது பானை.

"இந்தப் பக்கம்?"

மறுபடி சப்புக்கொட்டும் சத்தம். "இங்கேயும் கிழங்குதான்."

"அந்த ஓரத்துல?"

இதற்குச் சுரண்டும் சத்தம் மட்டும் வந்தது. அது நிற்காமல் வந்தது. சுனைத் தண்ணீரில் வெயில் சாயும்வரை வந்தது. ஈட்டியம்மா தலையை வெளியே எடுத்தபோது பானையின் அடி கழுவி வைத்த மாதிரி பளபளத்தது. அவள் மூக்கு நுனியில் ஒரு துளி பழுப்பு மசியல் இருந்தது.

எல்லாரும் பானையைப் பார்த்தார்கள். பிறகு ஈட்டியம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் நிமிர்ந்து நின்றாள். முட்களை உதறினாள்.

"க்ர்ர்ஹூம்!" என்றாள்.

அது பொய்ச் செருமல் என்று எல்லாருக்கும் தெரிந்தது. சிலுப்பிக்கு அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா அவளைப் பார்த்தாள். சிலுப்பி அந்த ஒன்றை மட்டும் முழுங்கிக்கொண்டாள்.

அகப்பை அவள் கைக்கு வந்தது.

அடுத்த நாள் சிலுப்பி முதல் காரியமாக அடுக்களைப் பொந்தைத் தோண்டி அகலமாக்கினாள். இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு. இரண்டாவது காரியமாகப் பனங்கிழங்கில் புட்டு அவித்தாள். நாலு இலை போட்டு நாலு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தாள். தாழைக்கு எல்லார் நடுவிலும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமில்லை. இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். வேலப்பன் அதை இழுத்துத் தன் பக்கத்தில் வைத்தார்.

"எப்படி இருக்குப்பா?" என்று சிலுப்பி கேட்டாள்.

"நல்லா இருக்கு கண்ணு."

"அப்பா!"

வேலப்பன் புட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் மகளைப் பார்த்தார்.

"உப்பு இல்ல" என்றார், ரொம்ப மெதுவாக.

"அப்படிச் சொல்லுங்க!" சிலுப்பி துள்ளினாள். "அம்மா, நீ சொல்லு!"

"எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான்..." என்று தொடங்கினாள் தாழை. பிறகு நிறுத்தினாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "உப்பு இல்ல. மாவு சரியா நனையல. நாரை எடுக்காம இடிச்சிருக்கே. ஆவி வர்றதுக்கு முன்னாடியே மூடியைத் திறந்துட்டே. அண்ணி, நீங்களும்தான், நான் இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே..."

தாழை பேசினாள். புட்டு ஆறிப்போகும்வரை பேசினாள். யாரும் குறுக்கே செருமவில்லை.

சமைப்பவரை ருசிக்க விடாமலும் உண்பவரைப் பேச விடாமலும் வைத்திருக்கும் வீட்டில், தொண்டை அரிப்புகூடப் பரம்பரைப் பெருமையாகிவிடும்.